கேள்வி – பதில்

பெரிய அணைகள் இழுத்துக்கொண்டே போவதற்கு, ‘ஊரைக் காலி செய்ய மாட்டோம்’ என்று மக்கள் மறிப்பதுதானே காரணம்?
– வாசகர், ஆற்காடு

குஜராத்தில் நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணைக்கு நேரு அடிக்கல் நாட்டியது 1961-இல். தண்ணீர்ப் பங்கு, அணையின் உயரம் என்று மாநிலங்கள் மோதிக்கொண்டு நடுவர் மன்றத்துக்குப் போய், தீர்ப்பு வந்தது 1979-இல். ஊரை இழக்கும் மக்களுக்காகப் போராடிய நர்மதைப் பாதுகாப்பு இயக்கம் உருவானது அதற்கும் பிறகு, 1980-களில். பிறக்காத இயக்கம் முதல் 18 ஆண்டுகளை எப்படி மறித்திருக்கும்?

ஊர் மூழ்குமுன் மறுவாழ்வு தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொன்னது. சொன்னபடி நிலம் தந்திருந்தால், மக்கள் உச்ச நீதிமன்றப் படியேற வேண்டிய தேவையே குறைந்திருக்கும். அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2017-இல்!

எங்கள் பக்கம் அவ்வளவு பெரிய அணை இல்லையே, நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்?
– வாசகர், ஆம்பூர்

அணை இல்லை; காத்திருப்பு இருக்கிறதே! தோல் ஆலைக் கழிவால் நிலமும் கிணறும் கெட்ட பாலாற்றுக் குடும்பங்களுக்கு இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 1996-இல். விடுபட்டவர்களுக்காக 2025 ஜனவரியில் மறுபடி ஆணையிட வேண்டியிருந்தது.

இழந்தவர்களுக்கு முதலில் கணக்குத் தீர்ப்பதே, எந்தத் திட்டத்தையும் விரைவாக முடிக்கும் வழி.