ஒரு சட்டி மாப்பிள்ளைக்கு நாலு புத்தி

எடேய் தம்பி, வா, இந்த வாங்கில இரு. வவுனியா ரவுணில உத்தியோகம், கலியாணம் கட்டி ஒரு வருசம் ஆகேல்ல, அதுக்குள்ள நீ சமைக்கப் போறியாம் எண்டு பூவரசங்குளம் முழுக்கக் கதை. அதுவும் ஒரே சட்டியில மக்கரோனியும் அரைச்ச இறைச்சியுமாம். கேக்க எனக்குப் பெருமையாக் கிடக்கு. மனிசிக்கு ஒத்தாசை செய்யிற ஆசை எண்டு ஊர் நினைக்குது. ரெண்டாவது சட்டி கழுவப் பஞ்சி எண்டு எனக்குத் தெரியும்.

வெக்கப்படாதை. பஞ்சியைப் பெட்டியில அடைச்சு வித்தே அமெரிக்காக்காரன் காசு பாத்தவன். 1971ஆம் ஆண்டு, அங்க இறைச்சி விலை ஏறின நேரம், ஜெனரல் மில்ஸ் கொம்பனி ‘ஹம்பர்கர் ஹெல்பர்’ எண்டு ஒண்டைக் கடைக்கு விட்டது. பெட்டிக்குள்ள மக்கரோனி மாதிரிச் சாமானும் ஒரு தூள் பைக்கற்றும். ஒரு இறாத்தல் அரைச்ச இறைச்சியை நீ போட்டால் முழு வீட்டுக்கும் இராச்சாப்பாடு. கொஞ்ச இறைச்சியைக் கனபேருக்குப் பரவி விடுற வித்தை அது. அதுக்குப் பிறகு கன காலமில்லை, இஞ்ச சிறிமா ஆட்சியில சனம் பாணுக்கு வரிசையில நிண்டது. மாவட்டம் விட்டு மாவட்டம் ரெண்டு கொத்துக்கு மேல அரிசி கொண்டு போக விடேல்ல. வன்னியில எங்களிட்ட நெல்லு இருந்தது. யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்கு அப்பதான் எங்கட முகவரி ஞாபகம் வந்தது.

சரி, எந்த இறைச்சி? நீ பாக்கிற சமையல் புத்தகத்தில மாடு எண்டு கிடக்காம். தையில பட்டிப்பொங்கலுக்கு மாட்டுக்கு மாலை போட்டு, கும்பிட்டுப் போட்டு, அந்த மாலை வாட முன்னம் சட்டிக்குள்ள போட உன்ர அம்மம்மா விடுவாவோ? தின்னிற சனத்தை நான் குறை சொல்லேல்ல, அது அவையின்ர பழக்கம். அரசாங்கமே தடுமாறினது தானே. 2020 செப்டெம்பரில மாடு வெட்டுறதைத் தடுக்க அமைச்சரவை ஒப்புதல் குடுத்தது. தின்னிறவைக்கு வெளிநாட்டு இறைச்சியை இறக்கிக் குடுக்கலாம் எண்டும் சேத்துச் சொன்னது. எங்கட மாட்டில அவ்வளவு இரக்கம். வெளிநாட்டு மாட்டுக்குத் தான் ஆக்கள் இல்லாமல் போச்சு. நீ ஆட்டிறைச்சியோ கோழியோ அரைப்பிச்சு எடு. சட்டிக்கு வித்தியாசம் தெரியாது. அம்மம்மாவுக்குத் தெரியும்.

இனி, சாப்பாட்டைப் பழுதாக்கிற வழியை முதல் சொல்லித்தாறன், அது உனக்கு லேசா வரும். எல்லாத்தையும் ஒண்டா அள்ளிக் கொட்டு, தண்ணியை ஊத்து, மூடு, போனை எடுத்துக்கொண்டு முத்தத்துக்குப் போ. திரும்பி வரேக்க அடி கரியாயும் நடு களியாயும் மேல பச்சையாயும் இருக்கும். ஒரு சட்டியில மூண்டு கறி. உனக்கு லாபம் தானே?

அது வேண்டாமெண்டால், எங்கட ஒடியற்கூழ் காய்ச்சின கிழவியளை நினை. பலாக்கொட்டை, பயித்தங்காய் எண்டு வேக நேரம் எடுக்கிறது முதல். மீனும் றாலும் பேந்து. மா கடைசி. ஒரு பானை தான், ஆனால் உள்ளுக்குப் போக வரிசை இருந்தது. பானை குறையக் குறையக் கவனம் கூட வேணும் எண்டது அவையளுக்குத் தெரிஞ்சிருந்தது. உனக்கு அரைக்கிலோ இறைச்சி, ஒரு 400 கிராம் மக்கரோனிப் பைக்கற் எண்டு வைப்பம். அகலச் சட்டியைக் காய விட்டு, எண்ணெயில இறைச்சியைப் போட்டுப் பரவி விடு. முதல் தண்ணி விடும். அது வத்து மட்டும் அவிச்ச இறைச்சி தான், ஏனெண்டால் தண்ணி நிக்கிற மட்டும் சூடு 100 பாகையைத் தாண்டாது. வத்தின பிறகுதான் பொரிஞ்சு மண்ணிறமாகி மணக்கும். அந்த மணத்துக்கு முன்னம் தக்காளியைத் தூக்கினியோ, அகப்பை உன்ர கையில விழும். சிவப்பும் மிச்சம் வைக்காதை. முழுத்துண்டில வெளிப்பக்கம் இருக்கிற கிருமி அரைக்கேக்க உள்ளுக்கும் போயிடும். ஆட்டிறைச்சி எண்டால் 71 பாகைக்கு, கோழி எண்டால் 74 பாகைக்கு உள்ளும் வேக வேணும்.

பேந்து வெங்காயம், உள்ளி, கருவேப்பிலை, பச்சைமிளகாய். எங்கட கறித்தூள் ரெண்டு கரண்டி போடு, இத்தாலிக்காரன் வந்து கேக்க மாட்டான். தக்காளி நாலு கரைஞ்சு எண்ணெய் மிதந்ததும் மக்கரோனி, உப்பு, ஒரு லீற்றர் சுடுதண்ணி. மக்கரோனி மூழ்கித் தண்ணி கொஞ்சம் மேல நிண்டால் காணும். கொதிச்ச பிறகு நெருப்பைக் குறைச்சு, இடைக்கிடை அடியைக் கிளறு. பைக்கற்றில எழுதின நேரத்தைவிட ரெண்டு நிமிசம் கூடப் பிடிக்கும்.

இஞ்ச தான் படிச்ச ஆக்கள் விழுகிறது. ஒடியல் மாவை ஊறப்போட்ட தண்ணியை நாங்கள் ஊத்துவம், கசப்புப் போக. மக்கரோனி வெந்த தண்ணியை வடிச்சாயோ, வெந்த மா அதோட போயிடும், குழம்பு தண்ணியாய் ஓடும். வடிக்காமல் வத்த விடு, அந்த மாவே குழம்பைத் தடிப்பாக்கும். எதை ஊத்திறது, எதை வைக்கிறது எண்டு தெரிஞ்சவன் சமைக்கலாம். கலியாண வாழ்க்கைக்கும் அது உதவும், ஆனால் அதை உன்ர மனிசியிட்டக் கேள்.

விறகடுப்பில வைச்சாலும் குறை இல்லை. 2022 சித்திரையில 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய்க்கு ஏறேக்க, எங்கட புகையைப் பாத்து மூக்கைச் சுழிச்ச ரவுண் ஆக்கள் விறகு விலை கேட்டு வந்தவை. நான் நல்ல விலைதான் சொன்னனான்.

மிச்சம் இருந்தால் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள குளிர்பெட்டியில வை. விடியத் தண்ணியெல்லாம் குடிச்சு இறுகிக் கிடக்கும், கொஞ்சம் சுடுதண்ணி விட்டுச் சூடாக்கு. அரைமணி ஊறினால் சட்டியும் லேசாக் கழுவுப்படும். அந்த அரைமணிக்குள்ள நித்திரை வந்தால் அது தற்செயல் எண்டு மனிசி நம்ப மாட்டா, இப்பவே சொல்லிப் போட்டன்.

ஒரு கோப்பை எனக்கும் கொண்டு வா. நல்லா வந்தால் உன்ர மனிசிக்கு மட்டும் சொல்லுறன். பழுதாப் போனால் செட்டிகுளம் மட்டும் சொல்லுவன்.