பெரியப்பா பதில்கள்: ஒட்டடை ஸ்பெஷல்

கே: ஞாயிற்றுக்கிழமையை விடுமுறை ஆக்கிய புண்ணியவான் யார்? (வாசகர், தாம்பரம்)

ப: கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன். நகரத்தில் இருப்பவர்கள் ஓய்வெடுக்கட்டும், உழவர்கள் மட்டும் வயலைப் பார்க்கலாம் என்று உத்தரவு போட்டார். நம் நாட்டில் பம்பாய் மில் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே போராடி 1890-இல் வாங்கிக் கொடுத்தார். அடுப்படிக்கான உத்தரவு இன்னும் டைப் ஆகிக்கொண்டிருக்கிறது.

கே: லீவு நாளும் அதுவுமாக ஒட்டடை அடிக்கச் சொல்கிறாள் மனைவி. ஒரே தும்மல். இதைக் காட்டித் தப்பிக்கலாமா? (பெயர் வேண்டாம், சேலம்)

ப: தும்மலை நம்பி இறங்காதீர்கள், தம்பி. வள்ளுவர் 'புலவி நுணுக்கம்' அதிகாரத்தில் எச்சரித்திருக்கிறார். ஒருவன் தும்முகிறான். அவள் முதலில் வாழ்த்துகிறாள். மறு நொடியே 'எவ நெனச்சா?' என்று அழுகிறாள். அடுத்த குறளில் பயந்துபோய்த் தும்மலை அடக்கிப் பார்க்கிறான். 'எவ நெனக்கிறத மறைக்கிறீங்க?' என்று அதற்கும் அழுகை. அன்றிலிருந்து வாய்தா போய்க்கொண்டிருக்கும் கேஸ் இது. மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடியுங்கள்.

கே: ஃபேன் சதா சுற்றிக்கொண்டே இருக்கிறது. இறக்கையில் தூசி எப்படி வந்து உட்காருகிறது? (மாணவி, விருதுநகர்)

ப: இறக்கையை ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப் படலம் இறக்கையோடு சேர்ந்தே சுற்றுகிறது. ஆகவே அங்கே ஒட்டிய தூசியை ஊதித் தள்ள ஆளில்லை. போதாக்குறைக்கு எண்ணெய்ப் பிசுக்கு வேறு. பழைய தலையணை உறையை இறக்கையில் மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். ஃபேனை நிறுத்திவிட்டு, என்று சேர்த்து எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் என் வாசகர்களை எனக்குத் தெரியும்.

கே: வீட்டு வேலையில் சரிபாதி நான் செய்கிறேன். மனைவி ஒப்புக்கொள்ள மறுக்கிறாள். (வாசகர், திருச்சி)

ப: மத்திய அரசும் மறுக்கிறது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று நடத்தியது. ஒரு நாளில் சம்பளமில்லா வீட்டு வேலையில் கை வைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர், ஆண்கள் 26 பேர். கை வைத்தவர்களிலும் பெண்ணுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97.

2024-இல் மறுபடி எடுத்தார்கள். பெண்ணுக்கு 289 நிமிடமாகக் குறைந்திருந்தது. ஆஹா, ஆண்கள் திருந்திவிட்டார்களா என்று பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால், அவர்களும் 88-க்கு இறங்கியிருக்கிறார்கள்! மிச்சப் பாத்திரத்தை யார் கழுவுகிறார்கள் என்று எந்தக் கட்டத்திலும் இல்லை.

கே: அவர் துலக்கிய பாத்திரத்தை நான் மறுபடி துலக்க வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறாரா? (வாசகி, தேனி)

ப: முதல் தடவை அறியாமை. மூன்றாம் தடவை ராஜதந்திரம். மறுபடி துலக்காதீர்கள் அம்மா. அதே தட்டில் அவருக்குச் சோறு போடுங்கள்.

கே: 'மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைங்க' என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போகிறாள். கிரிக்கெட் பார்க்கும்போது எண்ணிக்கை தப்பிவிடுகிறது. (ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

ப: 1679-இல் குக்கருக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் டெனி பாப்பன் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் வைத்தது பாதுகாப்பு வால்வு. விசில் கணக்கு நாம் வைத்தது. உள்ளே வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அதன் பிறகு தீயைத் தணித்து, கடிகாரத்தைப் பார்த்தால் போதும். கணக்கு வாத்தியாரா நீங்கள்? கடைசி ஓவரில் எத்தனை பந்து பாக்கி என்பது மட்டும் தப்பவில்லையே.

கே: வெங்காயம் நறுக்கினால் கண்ணீர் கொட்டுகிறது. வழி உண்டா? (புது மாப்பிள்ளை, கரூர்)

ப: கத்தி பட்டதும் வெங்காயத்தின் நொதிகள் ஒரு கந்தக ஆவியைக் கிளப்புகின்றன. அந்த ஆவிக்குக் காரணமான நொதியைக் கண்டுபிடித்த ஜப்பானியக் குழுவுக்கு 2013-இல் 'இக் நோபல்' கிடைத்தது; முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தரும் பரிசு அது. சற்று நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து நறுக்கினால் கண்ணீர் குறையும். ஆனால் யோசித்துச் செய்யுங்கள் மாப்பிள்ளை. நீங்கள் வேலை பார்த்ததற்கு அந்தக் கண்ணீர்தான் சாட்சி.

கே: பாத்ரூம் கழுவும் ஆசிடையும் ப்ளீச்சிங் பவுடரையும் கலந்து ஊற்றினால் இரட்டைப் பளபளப்பு வருமா? (வாசகர், ஆவடி)

ப: குளோரின் வாயு வரும். 1915-இல், முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரே களத்தில் ஜெர்மானியர்கள் எதிரிமேல் ஏவிய அதே வாயு. இரண்டையும் ஒருநாளும் சேர்க்காதீர்கள். இந்தப் பதிலில் நகைச்சுவை கிடையாது.

கே: கேஸ் சிலிண்டரின் மேல் வளையத்தில் 'பி-27' என்று போட்டிருக்கிறதே, அது என்ன? (வாசகி, ஓசூர்)

ப: அடுத்த பரிசோதனைக்கான கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அப்படியே அடுத்தடுத்த மூன்று மாதங்கள். 27 என்பது 2027. கெடு தாண்டிய சிலிண்டர் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டுக்காரர் கழுத்தில் தேடாதீர்கள். அங்கே கெடுவும் கிடையாது, திருப்பிக் கொடுக்கும் வசதியும் கிடையாது.

கே: சித்தப்பா மகளுக்கு நிச்சயதார்த்தம் ஆன செய்தி எங்களுக்கு மட்டும் கடைசியில் தெரிகிறது. குடும்ப வாட்ஸாப் குரூப்பில் நாங்களும் இருக்கிறோமே? (வாசகி, மதுரை)

ப: அந்தக் குரூப் காலை வணக்கத்துக்கும், பிள்ளையார் படத்துக்கும், பூண்டின் மருத்துவக் குணங்களுக்கும். நிஜச் செய்தி ஓடுவது இன்னொரு குரூப்பில். அதில் உங்களைச் சேர்க்கவில்லை என்றால் கோபப்படாதீர்கள். அங்கே பேச்சே உங்களைப் பற்றித்தான்.

கே: சரி, அந்தக் கல்யாணத்துக்கு மொய் எவ்வளவு வைக்கலாம்? (அதே வாசகி)

ப: பரணில் இருந்து உங்கள் கல்யாண மொய் நோட்டை இறக்குங்கள். சித்தப்பா பெயருக்கு எதிரே என்ன தொகை? அதற்குக் கொஞ்சம் மேலே. நிச்சயத்துக்குச் சொல்லவில்லை என்று அதே தொகையைத் திருப்பி வைத்தால் சண்டை என்று அர்த்தம்.

புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் இன்னும் தெளிவு. கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டாம். 'மொய் விருந்து' என்றே பந்தல் போட்டு, கறிச்சோறு பரிமாறி, நோட்டுப் போட்டு எழுதி வாங்குவார்கள். வட்டி இல்லை, பத்திரம் இல்லை. ஊர் வாய்தான் ஜாமீன். வங்கிக்காரர்கள் பார்த்தால் அழுதுவிடுவார்கள்.

கே: 'பையனுக்கு நல்லா சமைக்கத் தெரியும்' என்கிறார்கள் மாப்பிள்ளை வீட்டார். நம்பலாமா? (பெண்ணின் அம்மா, திண்டுக்கல்)

ப: நூடுல்ஸ், ஆம்லெட் என்று ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். 'இட்லிக்கு அரிசியும் உளுந்தும் எத்தனைக்கு எத்தனை?' என்று கேளுங்கள். 'எந்த அரிசி?' என்று எதிர்க் கேள்வி வந்தால் உடனே தட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.

கே: கிரைண்டர் கழுவும் வேலை மட்டும் எப்போதும் என் தலையில் விழுகிறதே? (வாசகர், கோவை)

ப: உங்கள் ஊர்ப் பெருமை அது, கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஆட்டுக்கல்லில் கல் சும்மா இருக்கும், குழவியைப் பிடித்து நாம் சுற்ற வேண்டும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி சும்மா இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஒருவர் சோபாவில் சும்மா இருந்தார். அவருக்கு என்ன வேலை கொடுப்பது என்று வீட்டில் யோசித்திருக்கிறார்கள்.

கே: என் அம்மா ஊரிலிருந்து வந்தால் மட்டும் இவர் துணி மடிக்கிறார். என்ன காரணம்? (வாசகி, நெல்லை)

ப: தணிக்கை நடக்கும்போது எல்லா ஆபீசிலும் ஃபைல் அடுக்குவார்கள். அம்மாவை அடிக்கடி வரச் சொல்லுங்கள். தேதி சொல்லாமல்.

கே: என் மனைவி வேலைக்குப் போகவில்லை, வீட்டில் சும்மாதான் இருக்கிறாள். நான் சம்பாதித்து வாங்கிய சொத்தில் அவளுக்கு என்ன பங்கு? (வாசகர், ஊர் போடவில்லை, போட்டிருந்தால் நானே வந்திருப்பேன்)

ப: சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூனில் தந்த தீர்ப்பைப் படியுங்கள். கணவர் சவுதியில் சம்பாதித்துப் பணம் அனுப்பினார். மனைவி இங்கே பிள்ளைகளை வளர்த்து, குடும்பத்தை நடத்தி, சொத்தும் சேர்த்தார். திரும்பி வந்தவர் 'எல்லாம் என் காசு' என்று கோர்ட்டுக்குப் போனார்.

நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி சொன்னதன் சாரம்: வீட்டை அவர் பார்த்துக்கொண்டதால்தான் நீங்கள் வெளியே போய்ச் சம்பாதிக்க முடிந்தது; அந்த உழைப்பும் சொத்தில் போட்ட முதல்தான்; ஆகவே சம பங்கு. இல்லத்தரசி பார்க்கும் உத்தியோகங்களையும் வரிசையாக எழுதியிருக்கிறார்: நிர்வாகி, சமையல் நிபுணர், வீட்டு டாக்டர், வீட்டுப் பொருளாதார நிபுணர். உங்கள் விசிட்டிங் கார்டில் எத்தனை வரி?

இந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவைக்கலாம் என்று பார்க்காதீர்கள். வீட்டில் நீங்கள் ஒளிக்கக்கூடிய இடமெல்லாம் அவர் தினமும் துடைக்கும் இடம்.

கே: சாம்பாரில் உப்பு தூக்கலானால் உருளைக்கிழங்கு போட்டால் உறிஞ்சிவிடுமாமே? (வாசகர், வேலூர்)

ப: உருளைக்கிழங்கு உப்பை மட்டும் பொறுக்கி எடுக்காது. உப்புத் தண்ணீரை அப்படியே குடிக்கும். மிச்சக் குழம்பு அதே உப்பில் நிற்கும். வெந்த பருப்போ வெந்நீரோ சேருங்கள். மனைவி வைத்த சாம்பார் என்றால், மோர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.

கே: கரண்ட் பில் வந்த அன்று மட்டும் வீடு முழுக்க ஓடி ஓடி ஸ்விட்சை அணைக்கிறார்... (வாசகி, ஈரோடு)

ப: மின்வாரியம் கணக்கெடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. ஞானோதயமும் அப்படித்தான் வரும். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது வரும் பி.எல்.டி.சி. ரகம் 30 வாட் பக்கம். அவர் திட்டுவதற்குச் செலவாகும் மூச்சில் ஓர் அறையே குளிர்ந்துவிடும், அதையும் கணக்கில் சேருங்கள்.

கே: ஒட்டடை அடிக்கும்போது பல்லி தலையில் விழுந்தது. என்ன பலன்? (வாசகர், காஞ்சிபுரம்)

ப: உங்களுக்குப் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பயத்தில் வாலைக் கழற்றிவிட்டு ஓடியிருக்குமே, அதற்கு வால் மறுபடி முளைக்கும். பாதியில் விட்ட ஒட்டடையை முடியுங்கள்.

கே: கல்யாண நாள் மறந்துவிட்டது. வரும் வாரமா, போன வாரமா என்றே தெரியவில்லை. அவசரம்! (வாசகர், பல்லாவரம்)

ப: தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். சான்றிதழில் தேதி இருக்கும். அது எந்த பீரோவில், எந்தத் தட்டில் இருக்கிறது என்பதை மனைவியிடம் கேட்காமல் கண்டுபிடிக்க வேண்டும். வாழ்த்துகள்.

கே: ஊருக்கெல்லாம் பதில் சொல்கிறீர்களே, வீட்டில் எப்படி? (வாசகி, மயிலாடுதுறை)

ப: அங்கே கேள்விகள் பெரியம்மாவுடையவை. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: 'இதோ வந்துட்டேன்.'

கே: சனிக்கிழமை சண்டை. ஞாயிறு முழுக்கப் பேச்சுவார்த்தை இல்லை. யார் முதலில் பேசுவது? (இருவரும் சேர்ந்து எழுதிய கடிதம், செங்கல்பட்டு)

ப: பொறுங்கள். ராத்திரி பாத்ரூமில் கரப்பான்பூச்சி வரும்.