மே மாத விருந்தாளிகள்

கேள்வி: கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து நாத்தனார் குடும்பம் எங்கள் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்கு வருகிறது. இரண்டே நாள். எதைக் கொடுப்பது, எதைக் காட்டுவது?

பதில்: முதல் மாலையே தட்டுவடை செட்! தட்டையின் மேல் காரச் சட்னி, புதினாச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், அதற்கு மேல் இன்னொரு தட்டை. கைக்கு வந்ததும் வாய்க்குப் போக வேண்டும். செல்ஃபி எடுத்துவிட்டுச் சாப்பிட்டால் நமத்துப்போகும். பார்சல் கேட்பவரை மன்னிக்கவே கூடாது.

மறுநாள் ஏற்காடு. விடியற்காலையில் கிளம்புங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால், குழந்தைகள் வயிற்றில் இட்லி இரண்டுக்கு மேல் ஏற்றாதீர்கள். கோடை விழா நாளென்றால் மலர்களைவிடத் தலைகளே அதிகம் தெரியும். விழா இல்லாத நாளே மேல்.

திரும்பும்போது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவின் முன் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். டி.ஆர். சுந்தரம் நடத்திய சினிமா நிறுவனம் அது. மலையாளத்தின் முதல் பேசும்படம் ‘பாலன்’ (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) இரண்டும் அவர்கள் தயாரிப்பு. சென்னைக்காரர்களுக்குச் சேலம் சினிமாப் பெருமையைச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஊருக்குக் கிளம்பும்போது மல்கோவா கொடுத்தனுப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பழுத்தாலும் பச்சை முழுதாகப் போகாது. காம்பருகே முகர்ந்து, மணம் வந்தால் மட்டும் எடுங்கள். நாத்தனாருக்கு ஒரு கூடை, உங்களுக்கு இரண்டு!