கைண்ட்லி இயல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், அலுவலக மெயிலில் வெகுளியானது மரியாதையாகத் திரியும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

வெகுளி பிறக்கத் தொல்காப்பியர் நான்கு காரணம் சொன்னார்: உறுப்பை அறுத்தல், குடியைச் சிதைத்தல், அலைத்தல், கொல்லுதல். மெயிலுக்குப் பதில் போடாமை என்னும் ஐந்தாவது அவருக்குத் தெரிய நியாயமில்லை. மற்ற நான்குக்கும் கண் சிவக்கலாம், மீசை துடிக்கலாம். மெயிலில் முகம் ஏது? அத்தனை துடிப்பையும் 'கைண்ட்லி' ஒற்றை ஆளாகச் சுமக்கிறது.

எடுத்துக்காட்டு: ஒரு பில் பாஸாகாமல் கிடக்கிறது. திங்களன்று 'ஹாய் கார்த்தி'. புதனன்று 'டியர் கார்த்திக்', உள்ளே ஒரு 'ப்ளீஸ்'. வெள்ளியன்று 'டியர் மிஸ்டர் கார்த்திகேயன்', உள்ளே 'கைண்ட்லி'. மறுவாரம் 'டியர் சார்'. தலைப்பிலேயே 'ஜென்டில் ரிமைண்டர்'. ஆக, பெயர் நீள நீளப் பிரியம் தேய்கிறது. பெயரே மறைந்தால் போர். அப்போது மேனேஜர் சிசியில் ஏறுவார். சிசி என்பது டைப்ரைட்டரில் கார்பன் தாள் வைத்து எடுத்த நகலின் பெயர். தாள் ஒழிந்தது, விரலில் ஒட்டிய மையும் ஒழிந்தது. பார்க்கிறவனின் வயிற்றைக் கலக்கும் குணம் மட்டும் ஒழியவில்லை.

மெயில் போட்டவரும் கார்த்தியும் பக்கத்துப் பக்கத்து மேசைக்காரர்கள் என்பதும் ஈண்டு அறியத்தக்கது. டீக்கடையில் நடந்தது இது:

"மாப்ள, ஏன்டா என்னை சார்னு கூப்பிட்ட?"

"மேனேஜர் சிசில இருக்காருடா. நீ வடைய எடு."

மரியாதையாக வையும் இம்மரபின் வேர் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தது. அன்றைய ஆங்கிலேய அதிகாரி தனக்குக் கீழுள்ளவனைக் கடிந்து எழுதும் கடிதத்தைக்கூட 'யுவர் மோஸ்ட் ஒபீடியண்ட் சர்வண்ட்' என்றுதான் முடிப்பார். 'டூ த நீட்ஃபுல்' அக்காலச் சரக்கே. இங்கிலாந்தில் அது வழக்கொழிந்துவிட்டது. இங்கே இன்னும் ஓவர்டைம் பார்க்கிறது. காரணம், என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளும் பொறுப்பு இவ்வொரு தொடரால் எதிராளி தலைக்கு மாறிவிடுகிறது. அவர் 'நோட்டட் வித் தேங்க்ஸ்' என்பார். எதுவும் நடக்காது என்று அறிக.

இத்துறையில் எந்திரமும் இறங்கியது. மெயிலுக்குத் தானே பதில் சொல்லித்தரும் ஸ்மார்ட் ரிப்ளையைக் கூகுள் 2015இல் கொண்டுவந்தது. அதன் தொடக்க மாதிரி எந்த மெயிலைக் காட்டினாலும் 'ஐ லவ் யூ' என்று எழுதச் சொல்லியதாம். புறத்திணைக்கு வைத்த ஆள் அகத்திணையில் இறங்கிவிட்டது. பொறியாளர்கள் பதறித் திருத்தினார்கள். திருத்தாது விட்டிருந்தால் பாக்கி பில் எல்லாம் அன்றே பாஸாகியிருக்கும் என்பாரும் உளர்.