பெயரெடுத்த முதலாளி

கண்டி கொழும்பு வீதியில் புடவைக்கடை வைத்திருப்பவர்களில் ஒரு ரகம் உண்டு. விற்றுப் போகும் சேலையைவிடத் திரும்பி வரும் சேலைக்காகத்தான் இவர் வாசலைப் பார்த்தபடி இருப்பார்.

படியேறும்போதே உறவைத் தீர்மானித்துவிடுவார். கட்டுகஸ்தோட்டைச் சிங்களப் பெரியவர் ‘மாத்தயா’, அக்குறணைக்காரர் ‘நானா’, ரங்கலைத் தோட்டத்து அம்மா ‘அக்கா’. வெள்ளைக்காரிக்கு மட்டும் உறவு கிடையாது, விலையும் வேறு. எந்த அக்காவின் மகள் ஏ.எல். எழுதினாள், யார் வீட்டில் மருமகன் டுபாய் போனார், எல்லாம் மனப்பாடம். தான் வாங்கிய கடனின் தவணைத் திகதி மட்டும் ஞாபகத்தில் நிற்காது.

தோட்டங்களில் 10ஆம் திகதியை ஒட்டிச் சம்பளம். அடுத்த ஞாயிறு கடையில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்கென்று பார்த்து ஒரு அக்கா பையிலிருந்து சாயம் போன சேலையை எடுக்கிறார். “கழுவினத மாத்த ஏலாது அக்கா” என்கிறான் கடைப் பையன். முதலாளி காத்திருந்தது இதற்குத்தான்.

“டேய், அக்கா யாருன்னு தெரியுமா? நாலு தலைமுறையா நம்ம கடை!” (கடை திறந்தே இருபது வருடம்தான்.) “உக்காருங்கக்கா. பில்லா? உங்க முகத்தவிட பில்லு பெருசா? புடிச்சத எடுத்துக்கங்க!” குரல் எதிர்ச்சாரி மருந்துக்கடை வரை போகும். ஸ்டூல் வரும், பிளேன்டீ வரும். அக்கா லூல்கந்துரக்காரர் என்று தெரிந்ததும் தேநீர்ப் பையனுக்குத் தனி எச்சரிக்கை. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட மண்ணாயிற்றே, வெந்நீரைக் கொடுத்து ஏமாற்ற முடியுமா? பக்கத்தில் அரை மணி நேரமாகப் பேரம் பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் சத்தமில்லாமல் காசை எடுப்பார்கள். வானொலி விளம்பரம் இதைவிடச் செலவு.

அதே சேலை, மழை பெய்யும் செவ்வாய்க்கிழமை, ஆளில்லாத கடைக்கு வரட்டும். “பில் இருக்கா? எந்த சோப்புல கழுவினீங்க? வெயில்லயா காயப்போட்டீங்க?” விசாரணை முடிய ஒரு மணி நேரமாகும். கடைசியில் மாற்றித்தான் கொடுப்பார். அதை மறுக்க முடியாது. நாலு கடையைத் தாண்டிச் சனம் இங்கே வருவதும் அதனால்தான். பிளேன்டீதான் வராது.

நுகர்வோர் அதிகார சபையின் 1977க்கு அடிப்பேன் என்று யாராவது மிரட்டினால், தன் போனையே நீட்டுவார். “இதுல எடுங்க தம்பி, உங்க ரீலோட் எதுக்கு வீணாகணும்?” எடுத்தவர் யாருமில்லை.

இப்போது மகன் கடையை கூகுள் மேப்பில் ஏற்றியிருக்கிறான். ‘ட்ராவலர்’ என்று ஒருவர் ஒற்றை நட்சத்திரம் போட்டிருக்கிறார்: வண்டி நிறுத்த இடமில்லையாம். மாநகர சபைக்குப் போகவேண்டிய நட்சத்திரம், இவர் தலையில் விழுந்துவிட்டது. இரண்டு நாளாக மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

“ட்ராவலர்னா யாரு வீட்டுப் பிள்ளடா? கம்பளையா, மாத்தளையா?”