போகும்போது டாக்டர், வரும்போது ஆய்வாளர்

போன மாதம் எங்கள் தெருவுக்கு மறுபடியும் ஆய்வு வந்தது. கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி, குடையோடு ஒரு தங்கச்சி. எதிர்வீட்டு லாத்தா குவைத்தில் வீட்டு வேலை பார்த்துத் தேய்ந்து திரும்பியவர். ஒப்புதல் படிவத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கேட்டார்கள். "புலம்பெயர்வு உங்கள் பாலின அடையாளத்தை எப்படி மறுகட்டமைத்தது?" என்றார் தம்பி. லாத்தா யோசித்துவிட்டு, "முட்டி வலிக்குது தம்பி" என்றார். தம்பி 'பொருந்தாத பதில்' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

எங்கள் காரைக்காலுக்குப் புலம்பெயர்வு புதிதல்ல. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டு, ரியூனியன், மார்த்தினீக், குவாதலூப் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளை அனுப்பின. எங்கள் துறைமுகமும் அதற்கு ஒரு வாசல். இத்தனை ஆணுக்கு இத்தனை பெண் என்று அப்போதே விகிதம் வைத்திருந்தார்கள். சமத்துவ ஆசை ஒன்றுமில்லை. ஆண் கூலி தோட்டத்தில் தங்க வேண்டுமே! கப்பல் ஏறுமுன் டாக்டர் வேறு பார்த்தார், சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல.

இன்று கப்பல் இல்லை, விமானம். துரை இல்லை, ஏஜென்ட். டாக்டர் மட்டும் அப்படியே இருக்கிறார். வளைகுடா விசா என்றால் மெடிக்கல் உண்டு: ரத்தம், எக்ஸ்ரே, காசநோய், எச்.ஐ.வி., பெண் என்றால் கர்ப்பமா என்ற சோதனையும். லாத்தாவை உச்சி முதல் உள்ளங்கால் வரை டாக்டர் பார்த்தது ஆயுளில் அந்த ஒரு நாள்தான். இறாலுக்கும் இதே நியாயம். ஏற்றுமதி ஆகிற இறாலுக்குத்தான் சோதனைக்கூடம். உள்ளூர் மார்க்கெட்டுக்கு வருவதை மோந்து பார்த்தால் போதும்.

சட்டத்துக்கும் அக்கறை குறைவில்லை. பத்தாம் வகுப்பு தேறாமல் ஈ.சி.ஆர்., அதாவது வெளிநாட்டு வேலைக்கு அரசு அனுமதி கேட்கும் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண் வளைகுடாவுக்கு வேலைக்குப் போக 30 வயது நிரம்ப வேண்டும். 29 வயது 364 நாள் வரை அவளுக்கு ஆபத்து. மறுநாள் விடிந்தால் அத்தனை அரபு வீடுகளும் தாய்வீடு. அதுவரை அடுப்பு காத்திருக்காது என்பவளை ஏஜென்ட் விசிட் விசாவில் ஏற்றிவிடுகிறார். அவள் எந்தக் கணக்கிலும் இல்லை. அவள் வாங்குகிற அடியும் எந்தக் கணக்கிலும் இல்லை.

திரும்பி வந்தவளுக்கு வைத்தியம்? ஆட்சிக் கணக்கில் நாங்கள் புதுச்சேரிக்காரர்கள். புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு அப்பால், நடுவில் தமிழ்நாடு. 2016 முதல் ஜிப்மர் இங்கேயே கிளை வைத்து டாக்டர்களை உருவாக்குகிறது. டாக்டருக்குப் படிக்கிறவர்கள் காரைக்காலுக்கு வருகிறார்கள், பெரிய வியாதிக்காரர்கள் பாண்டிக்கும் தஞ்சாவூருக்கும் பஸ் ஏறுகிறார்கள். இதற்குப் பெயரும் புலம்பெயர்வுதான். இதை ஆராய யாரும் வரக் காணோம்.

2022 ஜூலையில் காலரா வந்தது. அந்தக் காலத்தில் கப்பலில் கூலிகளைத் தின்ற அதே காலரா, இந்தமுறை எங்கள் குடிதண்ணீர் வழியாக. சுகாதார அவசரநிலை அறிவித்துப் பள்ளிக்கூடங்களை மூன்று நாள் மூடினார்கள். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்றார்கள். யார் கொதிக்கவைப்பது, எவள் கேஸில், வாந்தி வாளியை எவள் கழுவுவது என்று அறிவிப்பில் இல்லை. ஆய்வாளர்கள் தேடும் 'பாலினமும் சுகாதாரமும்' என்ற தலைப்பு கொல்லைப்புறக் குழாயடியில் குந்தியிருந்தது.

ஆய்வே கூடாது என்று சொல்ல நான் மடையனல்ல. எண்ணாமல் விட்டால் இல்லை என்றே சொல்லிவிடுவார்கள். ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் மீனைவிட ஆய்வாளர்களே அதிகம் ஒதுங்கினார்கள். குறிப்பெடுத்தவர்கள் பேராசிரியர்கள் ஆனார்கள். சொன்னவர்கள் 'தகவலாளிகள்' ஆனார்கள். லாத்தாவின் முட்டியும் இனி ஏதோ ஒரு சஞ்சிகையில் இங்கிலீஷில் வலிக்கும். அதைப் படிக்கத் தனிக் கட்டணம். கேள்வித்தாளோடு ஒரு தைலப் புட்டியாவது கொண்டுவந்திருக்கலாமே, பாவிகளா!

இந்த ஊரின் முதல் ஆய்வைச் செய்தவள் காரைக்கால் அம்மையாரான புனிதவதி. புருஷன் பரமதத்தன் வியாபாரத்துக்குக் கப்பலேறினான். பாண்டிய நாட்டில் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். வெளிநாடு போய்ப் பிழைக்கும் எங்கள் சபுராளிகளின் கதைகளுக்கெல்லாம் மூத்த கதை அது. அவள் யாருடைய படிவத்துக்கும் காத்திருக்கவில்லை. சதையை உதறிப் பேய்வடிவம் கேட்டு வாங்கினாள். தன் பாட்டைத் தானே எழுதி 'காரைக்கால் பேய்' என்று கையெழுத்தும் போட்டாள். கயிலாயத்துக்குத் தலையாலேயே நடந்தாள். அவளுக்கு ஆனி மாதம் மாங்கனி இறைக்கிறோம்.

லாத்தாவுக்கு அந்த எலும்புருவம் கேட்காமலேயே வந்துகொண்டிருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை தஞ்சாவூரில் ஸ்கேன். முட்டியால் நடக்க முடியாது. தலையால்தான் நடக்க வேண்டும்.