கருப்பட்டிக்குக் கணக்கில்லை

தூத்துக்குடிப் பக்கத்து எங்கள் நாசரேத்தில் எடையைக் குறைத்துவிடலாம். குறைத்தபின் தெருவில் நடப்பதுதான் கஷ்டம். "யய்யா, சீக்கா கிடந்தியாய்யா?" என்று கேட்டபடியே பெரியம்மை தூத்துக்குடி மக்ரூனை நீட்டுவாள். வெறும் காத்துதானே என்பாள். அந்தக் காற்றில் முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் இருக்கின்றன.

முன்பெல்லாம் செம்மணல் தேரிப் பக்கம் இந்தப் பேச்சே இல்லை. பதநீர்க் காலத்தில் காலையும் மாலையும் பனை ஏறி இறங்கியவருக்குத் தொப்பை வைக்க நேரம் ஏது? இப்போது அவர் காய்ச்சிய கருப்பட்டியை 'ஆரோக்கியம்' என்ற பெயரில் காபியில் கரைத்துக் குடிக்கிறோம். மரம் ஏறியது போய், எடை ஏறுகிறது.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4, ஆண்களில் 37 விழுக்காட்டினர் கூடுதல் எடைக்காரர்கள். இதை அளக்கும் பி.எம்.ஐ. கணக்கைத் தந்த கெட்டலே மருத்துவரல்ல, பெல்ஜியத்து வானியலாளர். நட்சத்திரம் பார்த்த மனுஷன் நம் தொப்பையையும் பார்த்துவிட்டார். உலகத்துக்கு 25 என்றால் இந்தியருக்கு 23-லேயே மணி அடிக்கிறார்கள். நம் வயிற்றுக் கொழுப்பு சர்க்கரையைச் சீக்கிரம் கூட்டிவந்துவிடுமாம்.

ஆனாலும் டாக்டர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. ஐந்து விழுக்காடு குறைந்தாலே நல்லது என்கிறார்கள். எண்பது கிலோவுக்கு நாலு கிலோ. "எப்பல ஆரம்பிக்கப் போற?" என்று மாமா கேட்டார்.

"கிறிஸ்துமஸ் முடியட்டும் மாமா" என்றேன்.

"எந்த வருசத்துக் கிறிஸ்துமஸ்ல?" என்றார்.